அமெரிக்கச் சிற்றூரின் மெமோரியல் டே ஊர்வலம்: துக்கமா, திருவிழாவா?

"மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மெமோரியல் டே ஊர்வலம் நடக்கிறதே, அது போரில் இறந்தவர்களுக்கான துக்க நாளா, இல்லை கொண்டாட்டமா? புதிதாக வந்திருக்கும் நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா?" என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம். துக்கமா, கொண்டாட்டமா என்பது நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைத்தெருவில் நின்றால் திருவிழா. ஊர்வலத்தின் பின்னாலேயே கடைசிவரை நடந்தால் கல்லறைத் தோட்டம். பாதிப் பேர் கடைத்தெருவோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் கேட்டால் தீயணைப்பு வண்டியின் சைரனையும் பிள்ளைகள் கொடி ஆட்டியதையும்தான் சொல்வார்கள். நீங்கள் அப்படித் திரும்பிவிடாதீர்கள்.

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ஆனால் நகரத்திலிருந்து பல மணி நேரம் காரோட்ட வேண்டிய ஏரிப் பகுதியில். ஒரு மெயின் ஸ்ட்ரீட், நாலைந்து சர்ச், ஒரு சிக்னல், சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஊர் அவ்வளவுதான். இங்கே இந்த ஊர்வலத்தை அரசாங்கம் நடத்துவதில்லை. முன்னாள் படைவீரர் சங்கங்களான அமெரிக்கன் லீஜியனும் வி.எஃப்.டபிள்யூ.வும் முன்னால் நிற்க, பள்ளிக்கூடம், தீயணைப்புப் படை, சாரணர்கள் என்று ஊரே கூடிச் செய்கிறது. இங்கே தீயணைப்புப் படையும் ஊர்க்காரர்கள்தான், சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

வேலை முந்தைய வாரமே ஆரம்பித்துவிடும். சாரணச் சிறுவர்கள் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் போய், படையில் இருந்தவர்களின் கல்லறை ஒவ்வொன்றிலும் சின்னக் கொடி நடுவார்கள். எது படைவீரரின் கல்லறை என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் உலோகத்தால் ஆன வட்டச் சின்னம் ஒன்று கம்பியில் செருகி இருக்கும். எந்தப் போர் என்பது அதில் பொறித்திருக்கும், கொடிக்குச்சியைச் செருக ஒரு துளையும் இருக்கும். உள்நாட்டுப் போர்க்காரர்களுக்கு நட்சத்திர வடிவம். எழுத்தெல்லாம் தேய்ந்து பெயர் படிக்க முடியாத கல்லுக்குப் பக்கத்திலும் அந்த நட்சத்திரம் இருக்கும், அதற்கும் ஒரு புதுக்கொடி உண்டு.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடைபாதையில் விரித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற அதே கதைதான். ராத்திரி முழுக்க ஆளில்லாமல் கிடக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள்.

காலையில் முதலில் வருவது கொடி ஏந்திய படைவீரர்கள். கொடி கிட்டே வரும்போது உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து, தொப்பியைக் கழற்றி, வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். நீங்கள் எழுந்து நின்றால் போதும். அடுத்து பிள்ளையையோ கணவரையோ போரில் பறிகொடுத்த குடும்பங்கள். 'கோல்ட் ஸ்டார்' குடும்பங்கள் என்பார்கள். அவர்கள் கடக்கும்போது மட்டும் கைதட்டல் வேறு மாதிரி கேட்கும், யாரும் கத்த மாட்டார்கள். அப்புறம் பள்ளி பேண்டு, பேஸ்பால் ஆடும் வாண்டுகள், பழைய கார்கள், டிராக்டர்கள், கடைசியில் தீயணைப்பு வண்டிகள். நடுவில் எங்கேயாவது தேர்தலில் நிற்கிற ஒருவர் கையாட்டிக்கொண்டே வருவார். அது எனக்குப் பிடிப்பதில்லை. வண்டியிலிருந்து மிட்டாய் வீசுவதும் அப்படித்தான். இந்த நாளில் அது கூடாது என்று சில ஊர்களில் தடையே போட்டிருக்கிறார்கள்.

என் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். கழுத்துவரை பொத்தான் போட்ட கனமான சீருடையில், மே மாத வெயிலில், நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகில் செருகிய தாளைப் பார்த்து வாசிக்கிறார்களாம். அவர் வேகமாக நடந்தால் பாட்டும் ஓடிவிடும் என்பாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாமில் இருந்தவர். முன்னாள் வீரர்களுக்கென்று வருகிற திறந்த காரில் அவர் ஏறுவதே இல்லை, நடைபாதையில் எங்களோடுதான் நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "என் நாள் நவம்பரில் வருகிறது. இது திரும்பி வராதவர்களின் நாள்" என்றார். புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, படையில் இருந்த எல்லோருக்கும். மெமோரியல் டே இறந்தவர்களுக்கு மட்டும். அதனால் உயிரோடு இருப்பவரிடம் போய் நன்றி சொன்னால் சிலர் நெளிவார்கள். 'ஹேப்பி' என்று சேர்த்து வாழ்த்துவதையும் தவிர்த்துவிடுங்கள். கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மெத்தைத் தள்ளுபடி விளம்பரத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள். அதையெல்லாம் பார்த்துப் பழகவேண்டாம்.

சரி, இது ஏன் சின்ன ஊர்களில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? காரணம் 1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர். இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அன்று படைக்கு ஆள் எடுத்ததே ஊர்வாரியாகத்தான். ஒரே தெருவின் பையன்கள், அண்ணன் தம்பிகள், பள்ளித் தோழர்கள் எல்லோரும் ஒரே படைப்பிரிவில் சேர்ந்து கிளம்பினார்கள். ஒருநாள் சண்டை தவறாகப் போனால் ஒரு கிராமத்தின் இளைஞர் கூட்டமே போய்விடும். இந்தப் பக்கத்து நினைவுச்சின்னங்களில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வருவதைப் பார்ப்பீர்கள்.

இறந்தவர்களுக்காக முதலில் நடந்தது யார் என்பதில் பெரிய போட்டியே உண்டு. எங்கள் ஊரிலிருந்து காரில் போகிற தூரத்தில் வாட்டர்லூ என்று ஒரு சிற்றூர். ஹென்றி வெல்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் யோசனை சொல்ல, ஜெனரல் ஜான் மரே தலைமையில் 1866 மே 5 அன்று ஊரே கடையடைத்து, கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, மூன்று கல்லறைத் தோட்டங்களுக்கும் நடந்து போனதாக அந்த ஊர் சொல்கிறது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1966இல், மெமோரியல் டே பிறந்த ஊர் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் அதற்கு அங்கீகாரமும் கொடுத்துவிட்டார். ஆனால் வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. மிசிசிப்பியிலும் ஜார்ஜியாவிலும் உள்ள கொலம்பஸ் என்ற இரண்டு ஊர்களும், பென்சில்வேனியாவின் போல்ஸ்பர்க்கும் நாங்கள்தான் முதல் என்கின்றன. ஒஹையோவின் அயர்ன்டன் அந்தச் சண்டைக்குள் போகாமல், 1868இலிருந்து விடாமல் ஊர்வலம் நடத்துகிறோம் என்கிறது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது சார்ல்ஸ்டன். தென் கரோலினாவில் உள்ள அந்த நகரத்தின் குதிரைப் பந்தய மைதானத்தைத் தென்தரப்பு சிறைமுகாம் ஆக்கியிருந்தது. அங்கே இறந்த 257 வடபடை வீரர்களைக் குழியில் போட்டு மூடியிருந்தார்கள். போர் முடிந்ததும், விடுதலையான கறுப்பின மக்கள் அந்த உடல்களை எடுத்து முறையாகத் தனித்தனியே புதைத்து, சுற்றி வேலியும் கட்டினார்கள். 1865 மே 1 அன்று ஏறக்குறைய பத்தாயிரம் பேர் அங்கே ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் நடந்தவர்கள் பூக்கள் ஏந்திய பள்ளிப் பிள்ளைகள், மூவாயிரம் பேர். நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்டவர்கள் நடத்திய இந்த ஊர்வலத்தை நாடு அப்படியே மறந்துபோனது. 1990களில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைப் புரட்டும்போதுதான் வெளியே வந்தது.

நாடு முழுவதற்குமாக இதை ஒரு நாளாக்கியது 1868இல். வடபடை முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவர் ஜெனரல் ஜான் லோகன், மே 30 அன்று தோழர்களின் கல்லறைகளுக்குப் பூ வையுங்கள் என்று ஆணை அனுப்பினார். சடங்கு இப்படித்தான் என்று எதையும் அதில் வரையறுக்கவில்லை, அந்தந்த ஊர் கிளை தனக்குத் தோன்றியபடி செய்யலாம் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு ஓர் ஊரில் ஆற்றில் மாலை விடுவதும், இன்னோர் ஊரில் டிராக்டர் வருவதும் அதனால்தான் யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். அங்கே போகும் வழியில், ஊர்ப் பசும்திடலில், துப்பாக்கியை ஊன்றி நிற்கும் ஒரு சிப்பாய் சிலை பெரும்பாலும் இருக்கும். பக்கத்து ஊரிலும் அதே முகம், அதே மீசை. இவற்றில் நிறைய, விற்பனைப் பட்டியல் பார்த்து வாங்கியவை. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு நிறுவனம் துத்தநாகத்தில் இவற்றை வார்த்து ஊர் ஊராக விற்றது. வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்துக்கும் விற்றது. லேசான நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்தத் துத்தநாகச் சிலைதான்.

கல்லறைத் தோட்டத்தில் பேச்சு நீளாது, நீண்டால் வெயிலில் நிற்கும் பேண்டு பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். பாதிரியார் ஜெபம் சொல்வார், பள்ளி மாணவர் ஒருவர் ஏதாவது வாசிப்பார். அப்புறம் பெயர்கள். உள்நாட்டுப் போரில் தொடங்கி, உலகப் போர்கள், கொரியா, வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியடிப்பார்கள். எங்கள் ஊரில் உள்நாட்டுப் போரின் பட்டியல்தான் நீளம். திரும்பி வந்து, சில ஆண்டு கழித்துத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்படிப் போன ஒரு நண்பர் உண்டு. அவர் இந்த நாளில் காரில் ஏறாததற்கு அதுவும் காரணமோ என்று எனக்குத் தோன்றும்.

பெயர்கள் முடிந்ததும் துப்பாக்கி வேட்டு. ஏழு பேர் மூன்று முறை சுடுவதால் இதை 21 குண்டு மரியாதை என்று பலர் சொல்வார்கள். அது பீரங்கிக்கு உரியது, இது மூன்று வேட்டு மரியாதை. கையில் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்து எம்1 துப்பாக்கி, ராணுவம் சங்கங்களுக்கு இரவலாகக் கொடுத்தது. வெறும் மருந்து மட்டும் உள்ள தோட்டா என்பதால் அடுத்ததை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். எழுபது தாண்டிய கைகளுக்கு அது லேசில்லை. மூன்றாவது வேட்டில் யாராவது ஒருவருடையது அரை வினாடி தாமதமாக வெடிக்கும். பித்தளைக் குப்பிகள் புல்லில் விழும். கலைந்து போகச் சொன்னதும் பொடியன்கள் பாய்ந்து பொறுக்குவார்கள், பெரியவர்கள் திட்டுவதில்லை. என் மகன் மேசையிலும் ஒன்று இருக்கிறது, பென்சில் முனைக்கு மூடியாக.

அடுத்தது டாப்ஸ். 24 சுரம் மட்டுமே உள்ள ஊதுகுழல் மெட்டு, 1862இல் வர்ஜீனியாவில் ஜெனரல் டேனியல் பட்டர்ஃபீல்டின் முகாமில் உருவானது. ஒருவர் இங்கே ஊத, கொஞ்சம் தள்ளி மரங்களுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் அதையே எதிரொலிபோல ஊதுவார். ஊதத் தெரிந்தவர்கள் போதாமல், பியூகிள் ஊதுகுழலின் வாய்க்குள் ஒலிப்பெட்டியை வைத்துப் பொத்தானை அமுக்கி, ஊதுவதுபோல் நிற்கும் வழக்கமும் 2003இலிருந்து வந்துவிட்டது. எங்கள் ஊரில் இன்னும் பள்ளி ட்ரம்பெட் பிள்ளைகள்தான். சுரம் பிசிறும். பிசிறினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. 1963இல் அதிபர் கென்னடியின் அடக்கத்தில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, ராணுவத்தின் கைதேர்ந்த வாசிப்பாளருக்கே ஆறாவது சுரம் உடைந்தது.

தேதியைப் பற்றி ஒரு குறை உண்டு. 1971 முதல் மே 30 போய், மே மாதக் கடைசித் திங்கள் என்றாகிவிட்டது. மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும் ஏரிக்கரையும் கிரில் அடுப்பும் முன்னால் வந்து, கல்லறை பின்னுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, பழைய தேதிக்கே திரும்ப வேண்டும் என்று 2012இல் இறக்கும்வரை மசோதா கொண்டுவந்துகொண்டே இருந்தார். நடக்கவில்லை.

போவதென்றால் சில விஷயம். உங்கள் ஊர் அலுவலகத்தின் அறிவிப்பில் நேரமும் வழியும் இருக்கும். தொப்பி, தண்ணீர், மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் முன்னாள் வீரர்கள் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ கொடுப்பார்கள். நம் பள்ளிகளில் டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல் வருமே, அதுபோல விருப்பப்பட்டதைப் போடலாம். கொடி காலையில் அரைக்கம்பத்தில் இருக்கும், நண்பகலில் உச்சிக்கு ஏறும்.

எல்லாம் முடிந்து தீயணைப்பு நிலையத்தில் கோழி பார்பிக்யூ. இந்தப் பக்கத்துப் பக்குவம் வினிகரில் ஊறவைத்துச் சுடுவது, கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. மிளகாய்த்தூள் கையோடு கொண்டுபோனால் நல்லது. சைவக்காரர்களுக்கு உப்பில் வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு, வெண்ணெய் வழிய வழியக் கிடைக்கும். டிக்கெட்டை ஊர்வலத்துக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். கல்லறைவரை போய்த் திரும்புவதற்குள் கடைத்தெருவோடு நின்றவர்கள் கோழியைத் தீர்த்துவிடுவார்கள்.