ஆள் இல்லையா, ஓட்டுப் பிரிந்ததா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியரசுக் கட்சியைப் பற்றி ஒரு சந்தேகம். 2012ல் மிட் ரோம்னியைக் கட்சியின் பழமைவாதிகளுக்குப் பிடிக்கவில்லை. மிஷெல் பாக்மன், ரிக் பெர்ரி, ஹெர்மன் கெயின், நியூட் கிங்ரிச், ரிக் சான்டோரம் என்று மாற்றி மாற்றி ஒருவரைத் தூக்கிப் பிடித்தார்கள். கடைசியில் ரோம்னிதான் வேட்பாளர். 2016ல் டிரம்ப் வேண்டாம் என்றவர்களுக்கும் அதே கதி. அவ்வளவு பெரிய கட்சியில் பொருத்தமான ஒரு ஆள் இல்லையா? இல்லை, நம் ஊரில் சொல்வதுபோல ஓட்டுப் பிரிந்ததுதான் காரணமா? முன்கூட்டியே எல்லோரும் ஒருவர் பின்னால் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்களா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஆட்கள் இருந்தார்கள். ஓட்டும் பிரிந்தது. ஆனால் முதலில் தேதிகளைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. வேட்பாளரைக் கட்சிக்குள் மாகாணம் மாகாணமாக நடக்கும் வாக்கெடுப்பில்தான் (பெரும்பாலும் ‘பிரைமரி’) முடிவு செய்கிறார்கள், மனுத்தாக்கலும் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி.

2011 இலையுதிர் காலத்தில் நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியை வரச் சொல்லிப் பலர் கெஞ்சினார்கள். அக்டோபர் 4 அன்று அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அதே மாதம் 28ஆம் தேதியோடு நியூஹாம்ப்ஷயரில் மனுத்தாக்கல் முடிந்தது. அங்கே 1,000 டாலர் கட்டினால் போதும், பெரிய காரியமில்லை. வர்ஜீனியாவில் டிசம்பர் 22 கடைசி நாள். முதல் வாக்குப்பதிவு நடந்ததோ 2012 ஜனவரி 3, அயோவாவில். அயோவா முடிவைப் பார்த்துவிட்டு ‘இவர்கள் யாரும் சரியில்லை, புதிதாக ஒருவரைத் தேடுவோம்’ என்று கிளம்புவது பந்தி எழுந்த பிறகு இலை தேடுகிற கதைதான்.

வர்ஜீனியாவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாக்குச்சீட்டில் பெயர் வர, அப்போது பதிவுபெற்ற வாக்காளர்கள் 10,000 பேரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதிலும் அங்குள்ள 11 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 400. வாசிக்கச் சுலபம். ஆனால் கடைவீதியில் நின்று வாங்குகிற கையெழுத்தில் பாதிக்குப் பாதி வம்பு: போட்டவர் வாக்காளர் பட்டியலில் இருக்கமாட்டார், முகவரி பக்கத்துத் தொகுதியாக இருக்கும், ஒரே ஆள் இரண்டு தாளில் போட்டிருப்பார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒன்றரை மடங்கு வாங்கி வைப்பார்கள். அந்த முறை 15,000க்கு மேல் கொடுத்தவர்களின் தாள்களைக் கட்சி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் இல்லை. ரோம்னியின் ஆட்கள் அதைத் தாண்டிக் கொடுத்தார்கள். கிங்ரிச்சும் பெர்ரியும் தேறவில்லை. கிங்ரிச் குடியிருந்ததே வர்ஜீனியாவில்தான்! சான்டோரம் மனுவே போடவில்லை. பெர்ரி நீதிமன்றம் போனார். கையெழுத்து வாங்குபவர் வர்ஜீனியாக்காரராகவே இருக்க வேண்டும் என்ற விதி செல்லாமல் போகலாம் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்கைத் தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று தள்ளிவிட்டார். பிரைமரியில் பெயரை எழுதிப்போடவும் அங்கே வழியில்லை. ஆக மார்ச் 6 அன்று சீட்டில் இருந்தவை இரண்டே பெயர்கள், ரோம்னியும் இன்னொரு போட்டியாளரான ரான் பாலும். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் ரோம்னிக்கு 43 பேர், பாலுக்கு 3. ஒரு பழமைவாத வாக்காளர் அன்று சான்டோரமுக்குப் போட நினைத்திருந்தால், போட இடமே இல்லை. ஓட்டுப் பிரிவதெல்லாம் இதற்கு அடுத்த கட்டம்.

ஒன்றுசேர முயற்சி நடக்காமலும் இல்லை. 2012 ஜனவரி 14 அன்று டெக்சாஸில் ஒரு பண்ணையில் சுவிசேஷக் கிறிஸ்தவத் தலைவர்கள் சுமார் 150 பேர் கூடினார்கள். மூன்றாவது சுற்று வாக்கெடுப்பில்தான் முடிவு வந்தது: சான்டோரம் 85, கிங்ரிச் 29. ஒரே வாரத்தில் தெற்கு கரோலினா வாக்களித்தது. கிங்ரிச்சுக்கு 40 சதவீதம், சான்டோரமுக்கு 17. தலைவர்கள் கைகாட்டிய பக்கம் ஜனங்கள் போகவில்லை. இன்னொரு கூத்து, அயோவாவில் ரோம்னி 8 ஓட்டில் முந்தியதாக அறிவித்துவிட்டு, 16 நாள் கழித்து சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை என்றார்கள். 8 வாக்குச்சாவடிகளின் கணக்கு கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஜெயித்தவர் என்ற பெயரோடு ரோம்னி அதற்குள் நியூஹாம்ப்ஷயரையும் முடித்துவிட்டிருந்தார்.

2016ல் ஓட்டுப் பிரிந்ததன் விலை அப்பட்டமாகத் தெரியும். பிப்ரவரி 20, தெற்கு கரோலினா: டிரம்ப் 32.5 சதவீதம், அவரோடு போட்டியிட்ட மார்கோ ரூபியோ 22.5, டெட் குரூஸ் 22.3. மொத்தம் 50 பிரதிநிதிகள். இதில் 29 பேர் மாகாணத்தில் முதலிடம் வருபவருக்கு. மீதி 21 பேர் ஏழு தொகுதிகளுக்குத் தலா மூன்று, அந்தந்தத் தொகுதியில் முதலிடம் வருபவருக்கு. ரிச்லண்ட், சார்ல்ஸ்டன் என்ற இரண்டு கவுன்டிகளில் (நம் மாவட்டம் போல) ரூபியோ ஜெயித்தார். ஆனால் தொகுதி எல்லையும் கவுன்டி எல்லையும் ஒன்றல்ல, ஏழு தொகுதிகளிலும் டிரம்ப்தான் முதலிடம். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, 50க்கு 50 பிரதிநிதிகள். வேட்பாளராகத் தேவைப்பட்ட 1,237 பிரதிநிதிகளில் இது சின்னத் தொகைதான். ஆனால் இரண்டாம் இடத்துக்கு அங்கே பூஜ்யம் என்பதைக் கவனியுங்கள்.

விகிதாசாரம், அதாவது ஓட்டுக்கு ஏற்றபடி பிரதிநிதிகளைப் பிரிப்பது என்று சொல்லப்பட்ட மாகாணங்களிலும் ஒரு பொறி உண்டு. அலபாமாவில் மாகாண அளவிலான பிரதிநிதிகளில் பங்கு பெற 20 சதவீதம் தாண்ட வேண்டியிருந்தது. ரூபியோ வாங்கியது 18.7. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுக்கு, 50 பேரில் ஒரே ஒரு பிரதிநிதி. வேட்பாளர்கள் அதிகம் இருந்தால் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழே தங்கிவிடுவார்கள், அவர்கள் பங்கும் மேலே இருப்பவருக்கே போகும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ரூபியோவையும் குரூஸையும் கூட்டினால் 44.8, அது டிரம்ப்பைவிட அதிகம் என்று அன்றைக்குப் பலர் கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ரூபியோவின் ஓட்டு அப்படியே குரூஸுக்குப் போகும் என்பதற்கு என்ன ஆதாரம்? குரூஸைப் பிடிக்காமல் ரூபியோவிடம் போனவர்களும் அதில் உண்டு. சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அவர்களே ஒருமுறை செய்து பார்த்தார்கள், இந்தியானாவில். ஏப்ரல் 24 இரவு குரூஸும் இன்னொரு போட்டியாளரான ஜான் கேசிக்கும் ஒப்பந்தம் அறிவித்தார்கள்: இந்தியானாவில் கேசிக் பிரசாரம் செய்யமாட்டார், பதிலுக்கு ஓரிகனையும் நியூமெக்சிகோவையும் குரூஸ் விட்டுக்கொடுப்பார். மறுநாளே நிருபர்கள் கேட்டபோது, இந்தியானாக்காரர்கள் எனக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றார் கேசிக். அவர் பெயர் சீட்டிலும் இருந்தது. மே 3 அன்று அவருக்கு 7.6 சதவீதம் விழுந்தது. குரூஸுக்கு 36.6. இரண்டையும் கூட்டினாலும் 44.2தான் வருகிறது, டிரம்ப் 53.3. அங்கிருந்த 57 பிரதிநிதிகளும் டிரம்ப்புக்கே போனார்கள். குரூஸ் அன்றிரவே விலகினார், கேசிக் மறுநாள்.