தயிர் டிப் மோராகிவிடுகிறதா?

கேள்வி: என் பத்து வயது மகன் கேரட், வெள்ளரிக்காய் எதுவானாலும் மயோனைஸ் தொட்டுத்தான் சாப்பிடுகிறான். அதற்குப் பதிலாகத் தயிரில் பூண்டு, உப்பு போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் மோர் மாதிரி ஆகிவிட்டது, காயில் ஒட்டவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: மயோனைஸை மாற்ற நினைத்தது நல்ல முடிவு. கடையில் விற்கும் மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். பச்சை முட்டையில் செய்வதில் கிருமி ஆபத்தும் உண்டு. அதனால்தான் 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

சரி, தயிருக்கு வருவோம். பசும்பால் தயிரில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உறைந்திருக்கும்வரை அது உள்ளேயே நிற்கும். கரண்டி போட்டுக் கலக்கியதும் பிரிந்து வெளியே வந்துவிடும். ஆகவே, முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அரை லிட்டர் பாலில் உறைய வைத்த தயிரை, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி மூட்டை கட்டுங்கள். வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு கிண்ணம் கொடுத்து, நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். தயிர் பாதியாகக் குறைந்து, வெண்ணெய் போலத் திரண்டிருக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய அருமையாக இருக்கும்.

இந்தக் கெட்டித் தயிரில் பாதிப் பல் பூண்டை நசுக்கிப் போடுங்கள். பச்சைப் பூண்டின் காரம் நேரம் ஆக ஆக ஏறும், அதனால் பாதிக்கு மேல் வேண்டாம். வறுத்துப் பொடித்த சீரகம், கொஞ்சம் மிளகுத்தூள், ஈரம் போகத் துடைத்துப் பொடியாக நறுக்கிய புதினா சேருங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் விடலாம். கேரட்டின் பீட்டா கரோட்டினை உடம்பு உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். கால் ஸ்பூன் உப்பைப் பரிமாறும்போது போட்டால் போதும். வெள்ளரித் துருவல் சேர்ப்பதானால், அதில் தனியாக உப்புப் பிசறிப் பத்து நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்துவிடுங்கள். கிரேக்கர்கள் ட்ஸாட்ஸிகி என்ற தங்கள் வெள்ளரித் தயிர் டிப்பை இப்படித்தான் செய்கிறார்கள்.

காய்களையும் கவனியுங்கள். கழுவியதும் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரக் காயில் எந்த டிப்பும் நிற்காது. கேரட், வெள்ளரி, குடைமிளகாய், பிஞ்சு முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் பச்சையாகவே சாப்பிடலாம். நூல்கோலின் மொறுமொறுப்பு பையனுக்குப் பிடிக்கும், ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பீன்ஸை மட்டும் பச்சையாகக் கொடுக்காதீர்கள், வேகவைத்தே கொடுங்கள். வீட்டில் நாலு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கேரட்டைத் துண்டாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

பள்ளி டப்பாவில் இந்த டிப் வேண்டாம், மதியம்வரை வெளியே தாங்காது. மாலை வீடு திரும்பியதும் வைத்துக் கொடுங்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றால் கலக்காமல் சாய்த்து ஊற்றிவிடுங்கள், அடியில் கெட்டியாகவே இருக்கும்.