உயிர்காப்புப் படகுக்காக லண்டன் மாரத்தான்: கேள்வி பதில்

பிரிட்டன், அயர்லாந்து கடல்களில் ஆபத்தில் சிக்குபவர்களை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்புக்காக லண்டன் மாரத்தான் ஓடியிருக்கிறேன். ஓட நினைப்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

கேள்வி: அண்ணா, குலுக்கலில் எனக்கு இடம் விழவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. தொண்டு அமைப்புகளுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. குறைந்தது இவ்வளவு திரட்டித் தருவேன் என்று உறுதி கேட்பார்கள். அது சின்னத் தொகையாக இருக்காது. ஒப்புக்கொள்ளும் முன், யார் யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்று பெயர்களை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: படகில் போகிறவர்கள் தன்னார்வலர்கள்தானே? பணம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

எல்லோரும் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். பேஜர் அலறினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். அவர்கள் உழைப்புக்குக் கூலி இல்லை, சரி. ஆனால் படகு, எரிபொருள், பயிற்சி, மிதவை அங்கி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 1824-ல் தொடங்கிய அமைப்பு இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

1886 டிசம்பரில், ‘மெக்சிகோ’ என்ற கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன, இங்கிலாந்தின் சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ் ஊர்களின் உயிர்காப்புப் படகுக்காரர்கள் 27 பேர் ஒரே இரவில் இறந்துபோனார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்காக முன்நின்று நிதி திரட்டிய சார்லஸ் மகாரா, 1891-ல் மான்செஸ்டர் தெருக்களில் உயிர்காப்புப் படகுகளுக்காக மக்களிடம் பணம் திரட்டினார். இந்த வரலாற்றைச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் போய்விடும்.

கேள்வி: கிஃப்ட் எய்ட் என்றால் என்ன?

கொடுப்பவர் பிரிட்டனில் வரி கட்டுபவராக இருந்து சம்மதம் தந்தால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து அமைப்புக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அவர் கையிலிருந்து ஒன்றும் போகாது.

கேள்வி: மீட்புக் குழுவினர் மாதிரி மஞ்சள் பூட்ஸ் போட்டு ஓடலாமா?

பூட்ஸ் வேண்டாம், குதிகால் கொப்புளமாகிவிடும். அமைப்பின் பனியன் போதும். அதையும் முதல்முறையாகப் பந்தயத்தன்று போடாதீர்கள். நீண்ட ஓட்டம் இரண்டிலாவது போட்டுப் பாருங்கள். அக்குளில் எந்தத் தையல் உரசுகிறது என்று இரண்டு மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரியும். அந்த இடத்தில் வாசலின் தடவுங்கள். அப்புறம், நெஞ்சில் உங்கள் பெயரைப் பெரிதாக ஒட்டுங்கள். முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு தெம்பு தரும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி: பயிற்சியிலேயே 42 கி.மீ. ஓடிப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 30, 32 போதும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: கால் ஓய்ந்துபோகும்போது எதை நினைத்துக்கொண்டு ஓடினீர்கள்?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் இருக்கும் மவுசல் கிராமத்தை. முதல் லண்டன் மாரத்தான் நடந்த அதே 1981-ல், டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய கப்பலை நோக்கி அந்த ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் பென்லி உயிர்காப்புப் படகில் போனார்கள். நால்வரை ஏற்றிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அதோடு தொடர்பு அறுந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு நாளுக்குள், புதிய குழு அமைக்கப் போதுமான ஆட்கள் அதே ஊரிலிருந்து பெயர் கொடுத்துவிட்டார்கள்.