ஓ-டவுன்: கேமரா முன்னால் பிறந்த பாய் பேண்ட் (கேள்வி பதில்)

தொண்ணூறுகளின் அமெரிக்க பாய் பேண்டுகளை, அதாவது பாடி ஆடும் பையன்கள் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஓ-டவுன் பெயர் கடைசியில்தான் வரும். இந்த முறை அவர்களைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, பெயரே கேள்விப்பட்டதில்லை. யார் இவர்கள்?

பதில்: அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 2000 மார்ச்சில் 'மேக்கிங் த பேண்ட்' என்ற ரியாலிட்டி தொடரைத் தொடங்கியது. ஒரு பாய் பேண்டைத் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து, வெளியே அனுப்புவதுதான் அதன் கதை. அதில் உருவான குழு ஓ-டவுன். ஆஷ்லி பார்க்கர் ஏஞ்சல், எரிக்-மைக்கேல் எஸ்ட்ராடா, டான் மில்லர், ட்ரெவர் பெனிக், ஜேக்கப் அண்டர்வுட் என ஐந்து பேர். 2001 ஜனவரியில் முதல் ஆல்பம், 2002 நவம்பரில் இரண்டாவது ஆல்பம், 2003இல் கலைந்துவிட்டார்கள். அவ்வளவுதான் ஆயுள்.

கேள்வி: 'ஓ' என்றால் என்ன?

பதில்: ஆர்லாண்டோ. ஃப்ளோரிடாவில் இருக்கிற ஊர். டிஸ்னி வேர்ல்டும் யுனிவர்சலும் அங்கே இருப்பதால் பாடவும் ஆடவும் தெரிந்த இளைஞர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமே கிடையாது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் கெவின் ரிச்சர்ட்சன் டிஸ்னி வேர்ல்டில் வேலை பார்த்தவர். என்சிங்கின் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் ஜேசி ஷஸேயும் அங்கே படமாக்கப்பட்ட 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சியில் இருந்தவர்கள். இந்த இரண்டு பெரிய குழுக்களையும் பணம் போட்டு வளர்த்த லூ பேர்ல்மன்தான் ஓ-டவுனுக்கும் மூலகர்த்தா.

கேள்வி: கோபிக்க வேண்டாம் சார். டிவிக்காகச் செய்த பொம்மைக் குழுதானே இது? பேக்ஸ்ட்ரீட் பாய்ஸோடு எப்படிச் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

பதில்: கோபம் இல்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் எப்படி வந்தார்கள்? 1992இல் பேர்ல்மன் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், பையன்கள் வந்து பாடிக் காட்டினார்கள், தேர்ந்தெடுத்தார். ஓ-டவுனுக்கும் நடந்தது அதேதான். பல ஊர்களில் தேர்வு வைத்தார்கள், வந்தவர்களை வடிகட்டி 25 பேராக்கினார்கள், அதில் எட்டுப் பேரை ஆர்லாண்டோவில் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள், கடைசியில் ஐந்து பேர். ஒரே வித்தியாசம், அங்கே கேமரா இருந்தது.

அந்தக் கேமராதான் அவர்களுக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது என்பது என் கட்சி. ஒரு பாட்டுகூட வெளிவராத நிலையில் நாடு முழுக்க முகம் தெரிந்தவர்கள் ஆனார்கள். எந்தப் புதுக் குழுவுக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் அது. ஆனால் பாய் பேண்ட் என்பது ரசிகையின் கற்பனையில் பாதி வாழ்கிற சமாச்சாரம். இவர்கள் நடனத்தில் தடுமாறியதையும் திட்டு வாங்கியதையும் ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டதையும் பார்த்த பிறகு சுவரில் போஸ்டர் ஒட்டுகிற ஆசை எத்தனை பேருக்கு மிஞ்சும்? தொடரைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிடி வாங்கவில்லை. சிடி வாங்கக்கூடிய பலர் 'இது டிவி நிகழ்ச்சி' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கேள்வி: முதலில் தேர்வான ஒருவர் ஓடிப்போனார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: ஓடவெல்லாம் இல்லை, விலகினார். ஹவாயைச் சேர்ந்த இகைகா கஹோவானோ. அந்த இடத்துக்கு, முன்பே தேர்வில் கழிக்கப்பட்டிருந்த டான் மில்லரைக் கூப்பிட்டார்கள். இகைகாவும், கடைசி எட்டில் இருந்து தேறாமல் போன பிரையன் சானும் மைக் மில்லரும் பிறகு எல்எம்என்டி என்று தனிக் குழு தொடங்கினார்கள்.

கேள்வி: பாட்டுகள் எப்படி? கேட்கிற மாதிரி இருக்குமா?

பதில்: ஒன்று சிரிப்பு, ஒன்று தங்கம்.

சிரிப்பு 'லிக்விட் ட்ரீம்ஸ்'. 2000 கடைசியில் வந்த முதல் சிங்கிள் (தனியாக வெளியிடுகிற பாட்டு). மடோனாவில் கொஞ்சம், ஜேனட் ஜாக்சனின் புன்னகை, இன்னும் சில நட்சத்திரங்கள் என்று பிய்த்துப் பிய்த்துச் சேர்த்துக் கனவுப் பெண்ணைச் செய்கிற வரிகள். நம் புலவர்களின் கேசாதிபாத வருணனையை எம்டிவிக்காரரிடம் கொடுத்தால் இப்படித்தான் வரும். ஆனாலும் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100இல் 10வது இடம் வரை போனது. கிளைவ் டேவிஸ் புதிதாகத் தொடங்கிய ஜே ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தின் முதல் வெளியீடே அதுதான். அரிஸ்டா நிறுவனத்தில் பாடகி விட்னி ஹூஸ்டனை வளர்த்த அதே டேவிஸ்தான். அப்படிப்பட்டவர் புதுக்கடையின் போணியை இந்தப் பையன்களை நம்பிச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

தங்கம் 'ஆல் ஆர் நத்திங்'. எழுதியவர்கள் வெய்ன் ஹெக்டரும் ஸ்டீவ் மேக்கும். அயர்லாந்து பாய் பேண்ட் வெஸ்ட்லைஃபின் 'ஃப்ளையிங் விதவுட் விங்ஸ்' எழுதியதும் இதே ஜோடி. காதலியின் மனதில் இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்தவன், முழுசாக வா, இல்லாவிட்டால் போய்விடு என்கிறான். கெஞ்சலும் ரோஷமும் ஒரே குரலில் வர வேண்டும், வருகிறது. ஹாட் 100இல் 3வது இடம். ஆல்பமும் ஆல்பம் தரவரிசையில் 5வது இடத்தில் நுழைந்து, அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் சான்றிதழ் வாங்கியது. தோற்ற குழு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அவ்வளவு நன்றாகப் போனது என்றால் இரண்டாவது ஆல்பத்தில் என்ன ஆச்சு அண்ணா?

பதில்: காலம் மாறிவிட்டது. ஓ-டவுன் தொடர் தொடங்கிய அதே 2000 மார்ச்சில் என்சிங்கின் ஆல்பம் ஒரே வாரத்தில் 24 லட்சம் விற்றது. அலை உச்சத்தில் இருந்தபோது கட்ட ஆரம்பித்த படகு இது. முடிந்து கடலில் இறங்கியபோது அலை திரும்பத் தொடங்கியிருந்தது. 2002இல் என்சிங்கே ஓய்வுக்குப் போய்விட்டது. அந்தக் கோடையில் பாடகி அவ்ரில் லவீன் கிட்டாரோடு வந்தார். 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டி தொடங்கி, ஜெயிக்க வைக்கிற வாக்கையே பார்வையாளர் கையில் கொடுத்தது. இவர்களுடைய 'ஓ2' ஆல்பம் 2002 நவம்பர் 12 அன்று வந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் முதல் தனி ஆல்பம் வந்திருந்தது. பாவம், வேறு தேதியே கிடைக்கவில்லையா?

இன்னொன்று, ஜே ரெக்கார்ட்ஸுக்கு அதற்குள் பாடகி அலிசியா கீஸ் கிடைத்துவிட்டார். 2001இல் அவருடைய முதல் ஆல்பம் எழுந்த வேகத்தில் நிறுவனத்தின் முகமே மாறிவிட்டது. தொலைக்காட்சியிலும் சரிவுதான். மூன்றாவது சீசன் ஏபிசியை விட்டு எம்டிவிக்குப் போனது. புது சிங்கிள் 'தீஸ் ஆர் த டேஸ்' ஹாட் 100இல் முதல் 40க்குள்கூட வரவில்லை. 2003இல் நிறுவனம் கைவிட்டது, குழுவும் கலைந்தது. என்னைக் கேட்டால் 'ஓ2' முதல் ஆல்பத்தைவிட நேர்மையான வேலை. கேட்கத்தான் ஆள் இல்லை.

கேள்வி: பேர்ல்மன் ஜெயிலுக்குப் போனது ஓ-டவுன் விஷயத்திலா?

பதில்: இல்லை. அது வேறு கதை, பெரிய கதை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸும் என்சிங்கும் பணத்தில் ஏமாற்றினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள், அதெல்லாம் ஓ-டவுன் உருவாவதற்கு முன்பே. சிறைக்கு அனுப்பியது முதலீட்டு மோசடி. இல்லாத நிறுவனங்களைக் காட்டி மக்களிடம் சேமிப்பை வாங்கி, புதியவர் பணத்தைப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்து வருடக்கணக்கில் ஓட்டினார். நம் ஊர் சீட்டுக் கம்பெனிச் செய்திகளைப் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தொகை 30 கோடி டாலருக்கு மேல். 2007இல் இந்தோனேசியாவின் பாலியில் பிடிபட்டார், 2008இல் 25 வருடத் தண்டனை. திருப்பித் தருகிற ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஒரு மாதம் குறைப்பதாக நீதிபதி சொன்னார். அப்படியும் வெளியே வரவில்லை. 2016இல் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

கேள்வி: ஒன் டைரக்‌ஷனும் டிவியில் பிறந்ததுதானே? அவர்கள் மட்டும் எப்படி ஜெயித்தார்கள்?

பதில்: 2010இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' பாட்டுப் போட்டியில் அவர்களுக்கு வாராவாரம் மக்கள் வாக்குப் போட்டார்கள். வாக்குப் போட்டவருக்கு அது 'என் பையன்கள்' ஆகிவிடுகிறது. 'மேக்கிங் த பேண்ட்' தொடரில் முடிவெடுத்தது பேர்ல்மன் தரப்பு, ரசிகர்கள் வெறும் பார்வையாளர்கள். அதோடு 2010இல் ட்விட்டர் இருந்தது, 2000இல் இல்லை.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்கள்? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: ஆஷ்லி 2006இல் தனி ஆல்பம் கொடுத்தார், அதுவும் 5வது இடத்தில் நுழைந்தது. அப்புறம் பிராட்வே மேடைக்குப் போய் 'ஹேர்ஸ்ப்ரே' நாடகத்தில் நடித்தார். மற்ற நால்வரும் அவர் இல்லாமலே மறுபடி சேர்ந்து 2014இல் 'லைன்ஸ் அண்ட் சர்க்கிள்ஸ்' வெளியிட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் 'ஆல் ஆர் நத்திங்', பிறகு 'தீஸ் ஆர் த டேஸ்', பிடித்திருந்தால் 2014 ஆல்பம். 'லிக்விட் ட்ரீம்ஸ்' வேண்டுமென்றால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.