கோடு அறுந்தால் குழாய் அடைத்ததாக அர்த்தமில்லை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, 9 ஆண்டாகச் சர்க்கரை. கோத்தகிரி பக்கம் நடந்த கண் முகாமில் படம் எடுத்து, கம்ப்யூட்டர் வரைந்த ரத்தக் குழாய்ப் படம் ஒன்றைத் தந்தார்கள். பல இடங்களில் கோடு அறுந்திருக்கிறது. "நரம்பு அடைத்துவிட்டது, இந்த வாரமே லேசர் வைக்கணும், முன்பணம் கட்டுங்க" என்கிறார் கூட்டிப்போனவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் அது நரம்பே இல்லை, கண்ணின் உள்ளே விழித்திரையில் ஓடும் ரத்தக் குழாய். நரம்பு என்றால் நாம் பயந்துவிடுவோம் என்பது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் குழாயா இல்லையா என்று பார்த்துக் கோடு போடுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. படம் மங்கினால் மெல்லிய குழாய்கள் அதற்குத் தெரியாது, கோடு அறுந்துவிடும். உங்கள் அம்மா வயதில் நான் முதலில் சந்தேகப்படுவது கண்புரையைத்தான். புரை விழுந்த கண்ணைப் படம் எடுப்பது, மூடுபனியில் கொடநாடு காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுப்பது மாதிரி. கீழே ஊர் இருக்கும், படத்தில் இருக்காது. கண் பாப்பா விரியாவிட்டாலும், தலை அசைந்தாலும் இதே கதைதான். இப்படிக் குழாய் வரைய மென்பொருளைப் பழக்கும் பிரபலமான படத்தொகுப்பு ஒன்றில் மொத்தமே 40 படங்கள், நெதர்லாந்தில் எடுத்தவை. அதில் 33-ல் சர்க்கரை பாதிப்பின் அறிகுறியே இல்லை. அதை மட்டும் பார்த்துப் பழகிய மென்பொருளுக்குச் சர்க்கரை பாதித்த கண் அவ்வளவாகப் பழக்கமிருக்காது. போன வருடம் குன்னூரிலிருந்து ஒரு அம்மா இதே மாதிரி 6,000 ரூபாய் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு இருந்தது புரை மட்டும். பணம் திரும்பி வரவே இல்லை.

கோடு முழுசாக இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சர்க்கரை முதலில் காட்டுவது ஊசிமுனை அளவு வீக்கங்களும் ரத்தப் புள்ளிகளும்தான். கோட்டுப் படத்தில் அவை வராது. அவற்றைத் தேடும் மென்பொருள் வேறு, அது நல்ல தொழில்நுட்பம். அரவிந்த், சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனைகளின் படங்களையும் சேர்த்துக் கூகுள் அப்படி ஒரு மென்பொருளைப் பழக்கியதன் முடிவு 2016-லேயே வெளிவந்தது. ஆனாலும் லேசரை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்.

சர்க்கரை உள்ளவர்கள் கண்ணுக்கு வருடம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. சர்க்கரை மாத்திரை வாங்கும் இடத்திலேயே ஏன் முடிக்கக் கூடாது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோவைக்கு பஸ் ஏறச் சொன்னால், வீட்டு வாசலுக்கு வரும் ஏஜென்டைத்தானே ஜனங்கள் நம்புவார்கள்?

சரி, இந்த மாதத்துக்குள் விழித்திரை டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். அங்கே கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் துணைக்கு ஆள் வேண்டும். முகாமில் எடுத்த கலர் படத்தையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். கோட்டுப் படத்தை மட்டும் வைத்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது.