46 வயதில் வேலை தேடலும் தம்பியின் விளம்பரமும்

கேள்வி: எனக்கு 46 வயது. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கப்பல் ஆவணப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 4,200 சிங்கப்பூர் வெள்ளி. ஐந்து மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. நாள்தோறும் ஐந்தாறு விண்ணப்பங்கள் அனுப்புகிறேன். இதுவரை நேர்முகத்துக்கு அழைத்தவர்கள் இருவர்தான். வயதை மறைக்க வேண்டுமா? அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தந்திருக்கும் 4,000 வெள்ளியில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி எடுக்கட்டுமா? முகவர் ஒருவர் மூலம் மாதம் 3,500 வெள்ளிக்கு ஓராண்டு ஒப்பந்த வேலை வந்திருக்கிறது, அதை ஏற்கலாமா? குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனம் நடத்தும் என் தம்பியோ, ஆளே கிடைக்கவில்லை என்று புலம்புகிறான். அவனிடம் 18 பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் இருவரில் யார் சொல்வது உண்மை? என் தன்விவரக் குறிப்பையும் அவன் கொடுத்த விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். மனிதவள அமைச்சு காலாண்டுதோறும் வெளியிடும் விவரங்களின்படி, சில ஆண்டுகளாகவே வேலை தேடுவோரின் எண்ணிக்கையைவிடக் காலியிடங்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்து வருகிறது. ஆனால் காலியாக இருக்கும் வேலையும் தேடப்படும் வேலையும் ஒன்றல்ல என்பதால், அந்தக் கணக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பொருந்தாமல் போகிறது. நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: உங்கள் தன்விவரக் குறிப்பில் உள்ள குறையும் உங்கள் தம்பியின் விளம்பரத்தில் உள்ள குறையும் ஒன்றேதான். இரண்டிலும் பதவியின் பெயர் இருக்கிறது, செய்த வேலையோ செய்ய வேண்டிய வேலையோ இல்லை.

அதற்குமுன், காலம் தாழ்த்தக்கூடாத ஒரு காரியத்தை முடித்துவிடுங்கள். தம் விருப்பமின்றி வேலையிழந்த குடிமக்களுக்காக 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்துக்கு நீங்கள் விண்ணப்பித்ததாகக் கடிதத்தில் குறிப்பே இல்லை. மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு, ஆறு மாதங்கள் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை அது தருகிறது. முதல் மாதத்தில் 1,500 வெள்ளி வரையும் பின்னர் படிப்படியாகக் குறைந்தும் கிடைக்கும். கடந்த 12 மாதங்களில் குறைந்தது ஆறு மாதங்கள் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நீங்கள் வேலையிழந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன என்றால், அந்த 12 மாதங்களில் ஏழு மாதங்களே உங்கள் பக்கம் இருக்கின்றன. இன்னும் சில வாரங்கள் தயங்கினால் தகுதியே போய்விடும். வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் (ஓராண்டு வாடகை மதிப்பீடு) ஒரு வரம்பு உண்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்போருக்கு அது பெரும்பாலும் தடையாவதில்லை. விண்ணப்பம், பயிற்சி, வேலைவாய்ப்பு ஆலோசனை என ஒவ்வொரு மாதமும் நீங்கள் எடுக்கும் முயற்சிகளைக் காட்டினால்தான் பணம் வரும். இதைக் கைநீட்டி வாங்கும் உதவியாக எண்ணிக் கூச்சப்படுவோரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்துக்கு இங்கே இடமே இல்லை.

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். துறைமுகத்தில் சரக்கு குறைந்துவிடவில்லை. 2024இல் சிங்கப்பூர் கையாண்ட கொள்கலன்கள், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 41 மில்லியனைத் தாண்டின. குறைந்து வருவது தாளில் நிரப்பும் வேலை. சுங்க அனுமதிகளை மின்னணு முறைக்குக் கொண்டுவந்த டிரேட்நெட் 1989இலேயே வந்துவிட்டது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்குச் சான்றான பில் ஆஃப் லேடிங் போன்ற கைமாற்றத்தக்க ஆவணங்களை மின்னணு வடிவில் சட்டம் ஏற்றுக்கொண்டது 2021இல். ஒரு விலைப்பட்டியலிலிருந்து விவரங்களை எடுத்து மூன்று படிவங்களில் நிரப்பும் வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது, உங்கள் பிரிவில் ஆட்குறைப்பு நடந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். ஆனால் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ் குறியீடு தவறாகப் போய்ச் சுங்கப் பெர்மிட் நிராகரிக்கப்படும்போதும், பணம் தருவதாக வங்கி உறுதியளிக்கும் கடன் கடிதத்தில் உள்ள எடையும் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எடையும் ஒத்துப்போகாமல் வங்கி பணத்தைப் பிடித்து வைக்கும்போதும், வெள்ளிக்கிழமை மாலை கொள்கலன் துறைமுகத்தில் நின்று டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போதும், யாரை அழைத்து என்ன சொன்னால் காரியம் நடக்கும் என்று அறிந்த மனிதர்தான் தேவைப்படுகிறார். 17 ஆண்டுகள் நீங்கள் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்பது என் ஊகம், ஏனென்றால் உங்கள் தன்விவரக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. “கப்பல் ஆவணங்கள் தயாரித்தல், பெர்மிட் விண்ணப்பித்தல், கோப்புகளைப் பராமரித்தல்” என்று மூன்று வரிகள் இருக்கின்றன. எந்த வேலை மறைந்துகொண்டிருக்கிறதோ அதை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆகவே நாளுக்கு ஐந்தாறு விண்ணப்பங்கள் என்பதை வாரத்துக்கு ஐந்தாறாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் விளம்பரத்தைப் படித்து, அந்த நிறுவனத்துக்கு எந்தத் தொல்லையைத் தீர்க்க ஆள் தேவை என்று கண்டுபிடித்து, அதே தொல்லையை நீங்கள் தீர்த்த ஒரு நிகழ்வை முதல் பாதிப் பக்கத்துக்குள் எழுதுங்கள்: எத்தனை வாடிக்கையாளர்கள், மாதத்துக்கு எத்தனை அனுப்பீடுகள், எந்த நாடுகள், தவறு நேர்ந்தபோது என்ன செய்தீர்கள். விளம்பரத்தில் வரும் சொற்கள் உங்களுக்கும் பொருந்துமாயின் அவற்றையே பயன்படுத்துங்கள். பல நிறுவனங்களில் முதல் வடிகட்டலை மென்பொருள்தான் செய்கிறது. சரக்கு அனுப்பும் நிறுவனங்களோடு நின்றுவிடாமல், ஏற்றுமதி செய்யும் உற்பத்தியாளர்கள், மருந்துப் பொருள் விநியோகிப்பவர்கள், வங்கிகளின் வர்த்தகக் கடன் பிரிவுகள் ஆகியவற்றையும் பாருங்கள். மனிதவள அமைச்சின் 2024ஆம் ஆண்டுக் காலியிட அறிக்கையின்படி, முக்கால் பங்குக்கு மேற்பட்ட காலியிடங்களில் கல்வித் தகுதி முதன்மையான அளவுகோலாக இல்லை. பட்டம் இல்லையே என்று கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த வரிக்கு அதுவே என் பதில்.

வயதை மறைக்க வேண்டாம், அறிவிக்கவும் வேண்டாம். உங்கள் குறிப்பின் முதல் நான்கு வரிகளில் பிறந்த தேதி, அடையாள அட்டை எண், திருமண நிலை, சமயம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, போதாக்குறைக்குப் புகைப்படமும் உண்டு. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த, நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிகளின்படி, வேலைக்குத் தொடர்பில்லாத இவ்விவரங்களை முதலாளிகள் விண்ணப்பத்தில் கேட்கவே கூடாது. கேட்காததை நாமே ஏன் தர வேண்டும்? வேலை மோசடிகள் பெருகியிருக்கும் காலத்தில் அடையாள அட்டை எண்ணைக் கண்ட கண்ட முகவரிகளுக்கு அனுப்புவது ஆபத்தும்கூட. நேர்முகத்தில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், நிறுவனம் அந்தப் பிரிவைக் குறைத்துவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்துச் செய்ய விரும்பும் வேலைக்குப் பேச்சைக் கொண்டுசெல்லுங்கள்.

கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி வேறு. வேலை போனதை உறவினர் யாருக்கும் சொல்லவில்லை, தம்பிக்கே மூன்றாம் மாதத்தில்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் “இப்போது எங்கே வேலை?” என்ற கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே போகாமலிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆனால் 17 ஆண்டுகளில் நீங்கள் நாள்தோறும் தொலைபேசியில் பேசிய கப்பல் நிறுவன ஊழியர்கள், லாரி ஒருங்கிணைப்பாளர்கள், வாடிக்கையாளர் அலுவலகங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்கு உங்கள் வேலைத்திறன் எந்தத் தன்விவரக் குறிப்பையும்விட நன்றாகத் தெரியும். அவர்களில் பத்துப் பேருக்குத் தனித்தனியே செய்தி அனுப்புங்கள். வேலை கேட்க வேண்டியதில்லை; எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே யாரிடம் பேசலாம் என்று மட்டும் கேளுங்கள். விளம்பரத்துக்கே வராமல் நிரம்பிவிடும் இடங்கள் இப்படித்தான் தெரியவரும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, அவசரம் வேண்டாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 2024 மே மாதம் தரப்பட்ட அந்த 4,000 வெள்ளிக்குக் காலாவதித் தேதி கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே அதைச் செலவிடலாம். இரண்டு நாள் செயற்கை நுண்ணறிவு அறிமுக வகுப்பின் சான்றிதழ் எந்த முதலாளியையும் அசைத்துவிடாது. நீங்கள் விரும்பும் பத்து விளம்பரங்களை எடுத்து, உங்களிடம் இல்லாத எந்தத் திறன் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று பார்த்து, அதற்கே செலவிடுங்கள். முழுநேரமாக நீண்ட படிப்பில் சேர்ந்தால், சராசரி மாத வருமானத்தில் பாதியை, 3,000 வெள்ளி வரம்புக்குள், பயிற்சிக்காலப் படியாகத் தரும் திட்டமும் 2025 முதல் இருக்கிறது. துறையையே மாற்றும் எண்ணம் இருந்தால் அதைப் பற்றிச் அரசாங்க வேலைவாய்ப்பு அமைப்பான சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பிலோ தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்திலோ விசாரியுங்கள்.

இப்போது உங்கள் தம்பிக்கு. “துடிப்பான இளைஞர், 35 வயதுக்குட்பட்டவர், அழுத்தத்தில் பணிபுரியத் தெரிந்தவர், கவர்ச்சிகரமான சம்பளம்” என்ற அவருடைய விளம்பரத்தை நான் இரண்டு முறை படித்தேன். அங்கே சேருபவர் காலையில் வந்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. வயது வரம்பு முத்தரப்பு வழிகாட்டிகளுக்கு முரணானது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் 25 பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்களித்தாலும், வழிகாட்டிகள் அவருடைய 18 பேர் நிறுவனத்துக்கும் பொருந்தும். சட்டத்தைவிடப் பெரிய இழப்பு வேறு இருக்கிறது: வாடிக்கையாளரின் கோபத்தைத் தொலைபேசியில் தணித்து, ஆறு தொழில்நுட்பர்களின் நாள் அட்டவணையைக் குலையாமல் மாற்றியமைக்கத் தெரிந்த ஐம்பது வயதுக்காரரை அவர் தாமே வாசலில் நிறுத்திவிட்டார்.

முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டிய வேலை, வேலை நேரம், சனிக்கிழமை உண்டா, சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்பவற்றை அவர் வெளிப்படையாக எழுதட்டும். எஸ் பாஸ் எனும் வேலை அனுமதியில் வெளிநாட்டு ஊழியரை எடுக்க நினைத்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் என்ற முறையில், மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள்கள் விளம்பரம் செய்தாக வேண்டும். அதை வெறும் சடங்காகச் செய்யும் முதலாளிகள்தான் பிறகு உள்ளூரில் ஆள் இல்லை என்கிறார்கள். வேறு துறையிலிருந்து வருபவரை எடுத்துப் பழக்கத் தயாராக இருந்தால், வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தின்கீழ் பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் 70 விழுக்காடு வரை, 40 வயதோ அதற்கு மேலோ ஆனவரானால் 90 விழுக்காடு வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு ஆதரவு பெறலாம். அவர் ஒதுக்கிவைத்த வயதினருக்குத்தான் கூடுதல் ஆதரவு கிடைக்கிறது.

கடைசியாக அந்த ஒப்பந்த வேலை. 700 வெள்ளி குறைவு என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிடாதீர்கள்; வேலையில்லாத இடைவெளி நீளுவதைவிட, பிழை திருத்தும் அனுபவத்தைத் தொடர வாய்ப்பிருக்கும் ஓராண்டு ஒப்பந்தம் மேலானது. வேலை வெறும் படிவம் நிரப்புவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆனால் முகவர் தரும் தாளில் நீங்கள் ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்று பாருங்கள். ஊழியர் என்றால் உங்கள் வயதில் முதலாளி மத்திய சேமநிதிக்கு 17 விழுக்காடு செலுத்த வேண்டும், 3,500 வெள்ளிக்கு அது மாதம் 595 வெள்ளி. சுயதொழில் என்று எழுதியிருந்தால் அந்தத் தொகையும் சம்பளத்துடன்கூடிய விடுப்பும் உங்களுக்கு இல்லை. வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை என்றாலும், நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலையில் சேர்ந்தவுடன் நான் மேலே சொன்ன ஆதரவுத் தொகை நின்றுவிடும் என்பதால், சேரும் தேதியை முடிவு செய்தபின் ஊழியரணி அமைப்பிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள்.