ஈ.பி.எஃப் இருக்கேக்க நலன்புரி நிதி ஏன்?

கேள்வி: வணக்கம் அண்ணை. எங்கட கம்பனியில புதுசா நலன்புரி நிதி எண்டு ஒண்டு தொடங்கினம். மாசம் நூறு ரூபா சம்பளத்தில பிடிச்சு, ஆருக்கும் வருத்தம், செத்தவீடு எண்டு வந்தா அதில இருந்து குடுப்பினமாம். ஈ.பி.எஃப் ஏற்கனவே பிடிக்கினம் தானே, பிறகேன் இது? இந்த வழக்கம் எங்க தொடங்கினது?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 1958ம் ஆண்டுச் சட்டம், சம்பளத்தில நீங்க 8 வீதம், முதலாளி 12 வீதம், அது உங்கட பேரில கிடக்கிற உங்கட காசு. 1980ம் ஆண்டுச் சட்டத்தில வந்த ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் முழுக்க முதலாளி கட்டோணும், அதுக்கெண்டு உங்கட சம்பளத்தில ஒரு சதமும் வெட்டேலாது. நலன்புரி நிதி அப்பிடியில்லை, நீங்க போட்ட நூறு உங்களுக்குத் திரும்பி வராமலும் போகலாம், பக்கத்து மிசினில நிக்கிறவரின்ர பிள்ளைக்குப் போகலாம். ஊரில மரண உதவிச் சங்கம் மாதிரித்தான்.

முதல்ல எங்க தொடங்கினது எண்டு சொல்லேலாது, ஆனா பழைய கதை எண்டா இங்கிலாந்து ரயில்வேயைச் சொல்லலாம். அப்ப அங்க ரயில் ஓட்டினதெல்லாம் தனியார் கம்பனியள், பெட்டி கொழுவுற ஆக்களுக்கு கை கால் நசியிறது சர்வசாதாரணம், நசிஞ்சா நட்டஈடு கேக்க ஒழுங்கான சட்டம் வந்ததே 1897ல தான், அதுவரைக்கும் விதவையும் பிள்ளையளும் என்ன செய்யிறது? அதுக்குத்தான் 1858ல ரயில்வே ஊழியருக்கெண்டு ஒரு தர்ம நிதி தொடங்கிச்சினம். 1865ல பெரிய ரயில் விபத்தொண்டில உயிர் தப்பின எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், 1867ல இந்தச் சங்கத்தின்ர விருந்தில வந்து பேசினவர். விருந்து வச்சு பணக்காரரிட்ட காசு சேர்க்கிறது அந்தக் காலத்து ஸ்டைல் (இப்ப நாங்க லொத்தர் டிக்கெட் விக்கிறம்).

அங்க தபால்காரருக்கும் இப்பிடி ஒரு நிதி இருக்கு. முத்திரை ஒட்டி கடிதம் போடுற முறையைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் 1879ல செத்தாப்பிறகு, அவரின்ர நினைவா 1882ல தொடங்கினது. அங்கத்தைத் தபால் சேவை ரோயல் மெயில் 2013ல தனியார் கைக்குப் போயும் அந்த நிதி நிக்கேல்ல. என்ர கணக்கில, அது கம்பனிக் காசோட கலக்காம தனியா இருந்ததுதான் காரணம்.

இங்க எங்களுக்கு வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934ல வந்திட்டுது. அதால வேலைத்தலத்தில காயப்பட்டா நட்டஈடு உங்கட உரிமை, "நலன்புரியில இருந்து தந்திட்டம் தானே" எண்டு அதைக் கழிக்க விடாதேங்கோ. இதுதான் முக்கியம்.

மற்றபடி நூறு ரூபா போடுங்கோ, நல்ல விசயம். ஆனா சைன் வைக்க முந்தி பாங் எக்கவுண்ட் ஆற்ற பேரில, செக்கில கையெழுத்து ஆர் ஆர், வேலை செய்யிற ஆக்கள் கொமிட்டியில இருக்கினமோ, வருசக் கணக்கு நோட்டீஸ் போர்ட்டில போடுவினமோ எண்டு கேளுங்கோ. மேன்பவர்ல (ஆள் அனுப்பிற ஏஜென்சியால) வாற பெடியளுக்கும் இதில பங்கு இருக்கோ எண்டும் கேளுங்கோ, மூட்டை தூக்கிறது கூடுதலா அவங்கள் தான்.